பாணை நிறுத்துவதற்கு முன்: சிறுகுடல் அகத்துறிஞ்சற் குறைபாட்டைக் கண்டறியும் வழி

என் தங்கைக்கு, கோதுமை போன்ற தானியங்களிலுள்ள ஒரு புரதத்தால் சிறுகுடல் பழுதடைந்து உணவின் சத்தை உறிஞ்ச முடியாமற்போகும் சீலியாக் நோய் இருக்கிறது என்பது உறுதியாவதற்கு நான்கு ஆண்டுகள் சென்றன. அவற்றில் ஒன்றரை ஆண்டு, வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுச் சமையலறையில் நாங்களே செய்த ஒரு தவறினால் வீணானது. கோதுமைதான் காரணமாக இருக்கலாம் என்று எங்கோ வாசித்துவிட்டு, பாண், ரொட்டி, கோதுமை மாப் புட்டு எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தினோம். மூன்று மாதங்களுக்குப் பிறகு இரத்தப் பரிசோதனை செய்வித்தோம். நோய் இல்லை என்று முடிவு வந்தது. முடிவைப் பார்த்த வைத்தியர் அவள் என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. அவள் மறுபடியும் இரும்புச்சத்து மாத்திரைகளோடு வீட்டுக்கு வந்தாள்.

இந்தக் குறிப்பு வைத்தியருக்குப் பதிலாக எழுதப்பட்டதன்று. எந்தப் பரிசோதனை எதற்கு முன்னர் நடக்க வேண்டும், அதற்கு நோயாளி எப்படி ஆயத்தமாக வேண்டும் என்பதை எடுத்துச் சொல்வதே இதன் நோக்கம். குடல் நோய்களைக் கண்டறிவதில் பரிசோதனைகளைப் போலவே அவற்றின் வரிசையும் முக்கியமானது. வரிசை பிசகினால் சரியான பரிசோதனையும் பிழையான விடையைத் தரும்.

எப்போது சந்தேகிக்க வேண்டும்

சிறுகுடலின் உட்சுவரில் வெல்வெட்டுத் துணியின் மயிர்களைப் போல அடர்ந்து நிற்கும் சடைமுளைகளே உணவின் சத்துகளை உடலுக்குள் எடுக்கின்றன. அவை தேய்ந்து தட்டையாகிவிட்டால், எவ்வளவு நன்றாகச் சாப்பிட்டாலும் சத்து உடலில் சேராது. இரும்புச்சத்து பெரும்பாலும் முன்சிறுகுடலிலும், ஃபோலிக் அமிலம் குடலின் மேற்பகுதியிலும், விற்றமின் பி12 சிறுகுடலின் கடைசிப் பகுதியிலும் உறிஞ்சப்படுகின்றன. ஆகையால் எந்தச் சத்து குறைந்திருக்கிறது என்பதே குடலின் எந்தப் பகுதி பழுதடைந்திருக்கிறது என்பதற்கான முதல் தடயமாகிறது.

நான்கு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் வயிற்றோட்டமும், வெளிறிய நிறத்தில் அதிக அளவில், எண்ணெய்ப் பசையோடும் கடும் நாற்றத்தோடும் வெளியேறி, தண்ணீர் ஊற்றினாலும் கொமோட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும் மலமும், காரணமின்றிக் குறையும் உடல் எடையும் எல்லோரும் அறிந்த அடையாளங்கள். ஆனால் வயிற்றோட்டம் அறவே இல்லாமலும் இந்த நோய் இருக்கலாம் என்பதைப் பலர் அறிவதில்லை. மாத்திரைக்கு மசியாத இரத்தச்சோகை, திரும்பத் திரும்ப வரும் வாய்ப்புண், முடி உதிர்தல், எலும்பு நோவு, கருத்தரிக்கத் தாமதமாதல், காரணம் தெரியாமல் சற்று உயர்ந்திருக்கும் ஈரல் நொதிய அளவுகள், முழங்கையிலும் முழங்காலிலும் கொப்புளங்களாக எழும் கடும் அரிப்பு ஆகியவற்றில் ஒன்று மட்டுமே வெளியே தெரியலாம். என் தங்கைக்கு முதல் இரண்டு ஆண்டுகள் களைப்பும் இரத்தச்சோகையும் மட்டுமே இருந்தன. வயிறு ஊதியபோதெல்லாம் அதற்குக் "கேஸ்ட்ரைட்டிஸ்" என்ற பெயர் கிடைத்தது. நம் ஊரில் வயிற்றில் எது நடந்தாலும் முதலில் கிடைக்கும் பெயர் அதுதான். அந்தப் பெயர் கிடைத்த பிறகு யாரும் மேற்கொண்டு தேடுவதில்லை என்பது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

பிள்ளைகளைப் பொறுத்தவரை, பிறந்தவுடன் தரப்படும் வளர்ச்சிப் பதிவேட்டை எடுத்துப் பாருங்கள். பாணும் பிஸ்கட்டும் கொடுக்கத் தொடங்கிய மாதங்களுக்குப் பிறகு எடைக் கோடு ஏறாமல் சமமாகவோ கீழ்நோக்கியோ செல்லுமானால், அந்தப் பக்கத்தைத் தவறாமல் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

இரண்டு வாரக் குறிப்பேடு

வைத்தியரைக் காணச் செல்வதற்கு முன் இரண்டு வாரங்களுக்கு ஒரு கொப்பியில் எழுதுங்கள்: ஒரு நாளில் எத்தனை முறை மலம் கழிந்தது, அதன் நிறமும் தன்மையும் எப்படி இருந்தன, இரவில் தூக்கத்திலிருந்து எழுந்து செல்ல நேர்ந்ததா, எடை எவ்வளவு, காய்ச்சல் இருந்ததா. இரவில் எழுப்பும் வயிற்றோட்டம் என்ற ஒரே வரி, மனப்பதற்றத்தோடு சேர்ந்து வரும் குடல் எரிச்சலிலிருந்து உடற்கோளாற்றைப் பிரித்துக் காட்ட உதவும். மலத்தைப் பற்றிப் பேசக் கூச்சப்பட்டு, "வயிறு சரியில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு வருபவர்கள் நம்மில் ஏராளம். மொழிச் சிக்கலும் சேர்ந்துகொண்டால் சொல்ல நினைத்ததில் பாதி தொண்டையிலேயே நின்றுவிடும். சிங்களத்தில் வயிற்றோட்டத்தைப் "பாச்சனய" என்பார்கள். அதை அறிந்திருப்பதோடு, எழுதிய பக்கத்தையும் நீட்டினால் நீங்கள் திக்கித் திணற வேண்டியதில்லை.

உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும் அதே கொப்பியில் எழுதுங்கள். நீரிழிவுக்குத் தரப்படும் மெற்போமின் வயிற்றோட்டத்தையும் பி12 குறைபாட்டையும் ஏற்படுத்தக்கூடியது. இரத்த அழுத்தத்துக்கான ஒல்மெசார்டான் சிலருக்குச் சடைமுளைகளையே தேய்த்து, சீலியாக் நோயைப் போன்ற தோற்றத்தை உண்டாக்கும் என்பது 2012 இல் வெளியான ஆய்விலிருந்து தெரிய வந்தது. இவற்றை எழுதிக் காட்டினால், தேவையற்ற பல பரிசோதனைகள் தவிர்க்கப்படலாம்.

முதலில் இரத்தம், பிறகே விற்றமின்

களைப்பு என்று சொன்னவுடன் விற்றமின் பி ஊசி போட்டுவிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. ஊசி ஏறிய பிறகு எடுக்கும் இரத்தத்தில் பி12 அளவு உயர்ந்தே தெரியும். உண்மையான குறைபாடு மறைந்துவிடும். பி12 குறைந்திருக்கும் ஒருவருக்கு ஃபோலிக் அமிலம் மட்டும் கொடுத்தால் இரத்தச்சோகை தேறுவதுபோலத் தோன்றினாலும், நரம்புகளின் பாதிப்பு உள்ளுக்குள் தொடரும். முடி உதிர்வதற்காகப் பலர் வாங்கி உண்ணும் பயோட்டின் மாத்திரையும் தைரொயிட் போன்ற சில பரிசோதனைகளின் முடிவுகளைக் குழப்பக்கூடியது. ஆகவே அதை உண்கிறீர்கள் என்று ஆய்வுகூடத்தில் சொல்லுங்கள். அவசர நிலை இல்லையென்றால் முதலில் இரத்தம் கொடுத்துவிட்டுப் பிறகு சத்து மாத்திரைகளைத் தொடங்குவதே முறை.

முதற் சுற்றில் முழு இரத்தக் கணிப்பு, இரத்த அணுக்களின் தோற்றத்தை நுண்காட்டியில் பார்க்கும் பிளட் பிக்சர், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் பெரிட்டின், பி12, ஃபோலேட், அல்புமின், கல்சியம், விற்றமின் டி, ஈரல் நொதியங்கள், இரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர், தைரொயிட், இரத்தச் சர்க்கரை ஆகியன பார்க்கப்படுவது வழக்கம். என் தங்கையின் அறிக்கை இப்போதும் என்னிடம் இருக்கிறது. ஹீமோகுளோபின் டெசிலீற்றருக்கு 8.9 கிராம். செவ்வணுக்களின் சராசரிப் பருமன் 84. அது வழமையான எல்லைக்குள் இருந்ததால் முதலில் பார்த்தவர் இரும்புக் குறைபாடு இல்லை என்று எண்ணினார். ஆனால் அணுக்களின் பருமன் வேறுபாட்டைக் காட்டும் எண் 21 ஆக உயர்ந்திருந்தது. பிளட் பிக்சரில், இரும்பு குறைந்ததால் சிறுத்த அணுக்களும், ஃபோலேட் குறைந்ததால் பெருத்த அணுக்களும் கலந்து கிடந்தன. இரண்டும் சேர்ந்து சராசரியைச் சாதாரணமாகக் காட்டியிருக்கின்றன. பெரிட்டின் வெறும் 6. ஐ.என்.ஆர் 1.4, அதாவது கொழுப்போடு சேர்ந்து உறிஞ்சப்பட வேண்டிய விற்றமின் கே உடலுக்குள் சேரவில்லை. அதே பிளட் பிக்சரின் கடைசி வரியில், மண்ணீரல் சோர்ந்திருக்கும்போது செவ்வணுக்களுக்குள் தங்கிவிடும் ஹவல்-ஜொலி புள்ளிகள் காணப்பட்டன என்று எழுதப்பட்டிருந்தது. சீலியாக் நோயில் மண்ணீரல் செயல் குன்றலாம் என்பதை அறிந்த ஒரு வைத்தியர் அந்த வரியில் விரலை வைத்து நிறுத்தியபோதுதான் எங்கள் தேடலே திசை மாறியது. அறிக்கைகளைக் கடைசி வரி வரை காட்ட வேண்டும் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

இங்கே ஒரு குறுக்கீடு. செவ்வணுக்கள் சிறுத்திருந்தும் பெரிட்டின் சரியாக இருந்தால், இலங்கையில் பரவலாகக் காணப்படும், தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோயின் கடத்தி நிலையையும் நினைவில் கொள்ள வேண்டும். இரும்பு மாத்திரையைத் தேநீரோடு விழுங்கி வந்தவருக்கு அது வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டவும் கூடாது. தேநீர் இரும்பு உறிஞ்சப்படுவதைத் தடுக்கும். முறைப்படி உட்கொண்டும் ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் 1 கிராம் கூட ஏறவில்லையென்றால்தான் குடலைச் சந்தேகிக்க வேண்டும்.

நம் காலநிலைக்குரிய நோய்களைத் தவிர்த்தல்

மேலைநாட்டு வழிகாட்டிகள் நேராகச் சீலியாக் நோய்க்கு வந்துவிடும். கொழும்பில் வாழ்பவருக்கு அந்தக் குறுக்குவழி பொருந்தாது.

முதலில் மலப் பரிசோதனை. ஜியார்டியா என்ற ஒட்டுண்ணி, அசுத்தமான நீரின் வழியாக வந்து மாதக்கணக்கில் குடலில் தங்கி, கொழுப்பு உறிஞ்சப்படுவதையே தடுத்துவிடும். அதன் கூடுகள் ஒவ்வொரு நாளும் மலத்தில் வெளிப்படுவதில்லை; ஆகவே வெவ்வேறு நாட்களில் மூன்று மாதிரிகள் கொடுக்க வேண்டும், அவை புதிதாகவும் இருக்க வேண்டும். பார்மசியில் மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மருந்தை வாங்கி நான்கு நாள் விழுங்கிவிட்டு மாதிரி கொடுத்தால் அதில் ஒன்றும் அகப்படாது.

அடுத்தது வெப்பமண்டல ஸ்புரூ. தென்னிந்தியா, இலங்கை, கரீபியத் தீவுகள் போன்ற வெப்ப நாடுகளுக்கே உரிய இந்த நோயின் பெயர் ஒல்லாந்தச் சொல்லிலிருந்து வந்தது. வாய்ப்புண்ணோடும் வயிற்றோட்டத்தோடும் வந்த நோயாளிகளை யாவாவில் பார்த்த ஒல்லாந்து வைத்தியர்கள் வழங்கிய பெயர் அது. கிருமித் தொற்றொன்றுக்குப் பிறகு தொடங்கி, சிறுகுடல் முழுவதையும், அதன் கடைசிப் பகுதியையும் கூடப் பாதிப்பதால், இதில் ஃபோலேட்டோடு பி12 உம் சேர்ந்து குறைவது வழக்கம். குடலிலிருந்து சிறு துணுக்கு எடுத்து நுண்காட்டியில் பார்க்கும் பயொப்ஸியில் சடைமுளைகள் தேய்ந்திருந்தாலும், சீலியாக் நோயில் போல முற்றிலும் தட்டையாவது அரிது. ஃபோலிக் அமிலமும், மூன்று முதல் ஆறு மாதங்களுக்கு டெட்ராசைக்ளின் வகை மருந்தும் கொடுத்தால் குணமாகக்கூடிய நோய் இது. இதைச் சீலியாக் என்று தவறாகக் கருதி வாழ்நாள் முழுவதும் கோதுமையை விலக்குவது ஒரு பெரிய அநியாயம். சீலியாக்கை ஸ்புரூ என்று கருதி மருந்து கொடுத்துக்கொண்டே காலம் கடத்துவதும் அவ்வாறே.

மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, வலப்பக்க அடிவயிற்று நோவு ஆகியன இருந்தால் குடற் காசநோயும், குடலில் நீடித்த அழற்சியை உண்டாக்கும் கிரோன் நோயும் தேடப்படும். அதற்குப் பெருங்குடலுக்குள் கமராக் குழாயைச் செலுத்திப் பார்க்கும் கொலொனொஸ்கொப்பியும் சிறுகுடலின் கடைசிப் பகுதியிலிருந்து எடுக்கும் பயொப்ஸியும் தேவைப்படும். நீண்ட காலம் மது அருந்தியவருக்கும், நீரிழிவோடு முதுகுக்குப் பரவும் மேல்வயிற்று நோவு உள்ளவருக்கும் சதையியை (கணையத்தை) பார்க்க வேண்டும். மலத்தில் எலாஸ்டேஸ் அளவு கிராமுக்கு 200 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் சதையி நொதியம் போதவில்லை என்று ஐயுறலாம். ஆனால் மலம் தண்ணீராகப் போகும்போது அந்த எண் பொய்யாகக் குறைந்து தெரியும். எச்.ஐ.வி. பரிசோதனையை வைத்தியர் கேட்டால் அதை அவமானமாகக் கருதாதீர்கள். நாட்பட்ட வயிற்றோட்டத்தில் அது முறையான பரிசோதனைகளுள் ஒன்று.

பால்மாவை நிறுத்தியதும் வயிறு கொஞ்சம் அடங்கியது என்பவர்களுக்கும் ஒரு சொல். சடைமுளைகள் தேயும்போது பாலின் சர்க்கரையைச் செரிக்கும் நொதியமும் குறைந்துவிடும். பால் ஒத்துக்கொள்ளாமை அடியிலுள்ள வேறொரு நோயின் விளைவாகவும் இருக்கலாம்; அதோடு தேடலை முடித்துவிடக் கூடாது.

பிறபொருளெதிரிப் பரிசோதனை

சீலியாக் நோய் என்பது கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களிலுள்ள குளூட்டன் என்ற புரதத்தைக் கண்டு உடலின் நிர்ப்பீடனத் தொகுதி, அதாவது நோயெதிர்ப்புத் தொகுதி, தன் குடலையே தாக்கும் நிலையாகும். அந்தத் தாக்குதலின் அடையாளமாக இரத்தத்தில் தோன்றும் பிறபொருளெதிரிகளையே பரிசோதனை தேடுகிறது. குளூட்டன் உள்ளே வராவிட்டால் தாக்குதல் தணியும், பிறபொருளெதிரிகளும் மாதக்கணக்கில் மெல்ல மறையும். எங்கள் முதல் பரிசோதனை பொய்த்ததற்கு இதுவே காரணம்.

கேட்க வேண்டியவை இரண்டு: டி.டி.ஜி. ஐ.ஜி.ஏ. என்ற பரிசோதனையும், அதே இரத்தத்தில் மொத்த ஐ.ஜி.ஏ. அளவும். ஐ.ஜி.ஏ., ஐ.ஜி.ஜி. என்பன பிறபொருளெதிரிகளின் இரண்டு வகைகள். சீலியாக் நோயாளிகளில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு ஐ.ஜி.ஏ. பிறவியிலேயே சுரப்பதில்லை, அவர்களுக்கு முதற் பரிசோதனை எப்போதும் நோய் இல்லை என்றே காட்டும். அத்தகையோருக்கு ஐ.ஜி.ஜி. வகைப் பரிசோதனை வேண்டும். முடிவைப் பார்க்கும்போது எண்ணை மட்டும் பாராமல், அருகில் அச்சிடப்பட்டிருக்கும் உச்ச எல்லையையும் பாருங்கள். ஆய்வுகூடத்துக்கு ஆய்வுகூடம் எல்லை மாறுவதால், "எல்லையைப் போல எத்தனை மடங்கு" என்பதே பேச வேண்டிய அளவு. எல்லையைச் சற்றே தாண்டிய முடிவு ஈரல் நோயிலும் வேறு சில நிலைகளிலும் வரலாம். பத்து மடங்கைத் தாண்டினால் நோயின் சாத்தியம் மிக வலுவானது. 2020 ஆம் ஆண்டின் ஐரோப்பிய வழிகாட்டி, பிள்ளைகளில் டி.டி.ஜி. பத்து மடங்கோ அதற்கு மேலோ இருந்து, இரண்டாவதாக எடுத்த இரத்தத்தில் ஈ.எம்.ஏ. என்ற மற்றொரு பிறபொருளெதிரிப் பரிசோதனையும் உறுதிப்படுத்தினால், பயொப்ஸி இன்றியே நோயை உறுதிசெய்யலாம் என்கிறது. பெரியவர்களுக்குப் பொதுவாகப் பயொப்ஸி தேவை. சில ஆய்வுகூடங்கள் இரத்த மாதிரியை வேறிடத்துக்கு அனுப்பிச் செய்விப்பதால், முடிவு எப்போது கிடைக்கும் என்று கேட்டறிந்த பிறகே வைத்தியரின் சனலிங் நாளைப் பதியுங்கள்.

ஏற்கெனவே கோதுமையை நிறுத்திவிட்டவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, எச்.எல்.ஏ. டி.கியூ.2, டி.கியூ.8 மரபணுப் பரிசோதனை: இரண்டும் இல்லையென்றால் சீலியாக் நோய் ஏறக்குறைய இல்லை என்றே கொள்ளலாம், இருந்தாலோ எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது, ஏனெனில் நோயற்ற பலரிடமும் அவை உண்டு. மற்றொன்று, வைத்தியரின் மேற்பார்வையில் மீண்டும் கோதுமையை உண்டு பார்ப்பது. நாளொன்றுக்கு 3 கிராம் குளூட்டன், அதாவது ஏறக்குறைய இரண்டு துண்டுப் பாண், குறைந்தது இரண்டு வாரங்களுக்கும், தாங்க முடிந்தால் எட்டு வாரங்கள் வரையிலும் என்பது 2013 இன் அமெரிக்க வழிகாட்டியின் பரிந்துரை.

என் தங்கை இந்த இரண்டாவது வழியில் சென்றாள். காலையில் இரண்டு துண்டுப் பாணைச் சம்பலோடு தட்டில் வைத்துவிட்டு, அதைப் பார்த்துக்கொண்டே ஐந்து நிமிடம் இருப்பாள். "இன்றைக்கு ஒன்று போதுமே அக்கா" என்று அவள் கேட்ட நாட்கள் உண்டு. ஆறு வாரங்களில் 44 கிலோவிலிருந்து 41 கிலோவுக்கு வந்தாள். தொடக்கத்திலேயே வரிசை தவறாதிருந்தால் அந்த ஆறு வாரங்கள் அவளுக்குத் தேவைப்பட்டிருக்காது.

எண்டொஸ்கொப்பி

வாய்வழியாகக் கமராக் குழாயைச் செலுத்தி இரைப்பையையும் முன்சிறுகுடலையும் பார்த்து, பயொப்ஸி எடுக்கும் முறை எண்டொஸ்கொப்பி. கொழும்பு தேசிய வைத்தியசாலை உட்பட அரச வைத்தியசாலைகளில் இது கட்டணமின்றிச் செய்யப்படுகிறது. காத்திருப்புப் பட்டியல் நீளமாக இருக்கலாம். பிள்ளைகளுக்குப் பொரளையிலுள்ள சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை இருக்கிறது. காத்திருக்கும் காலத்திலும் கோதுமையைத் தொடர வேண்டும் என்பதை மறவாதீர்கள். எடை வேகமாகக் குறைதல், மலத்தில் இரத்தம், விடாத காய்ச்சல், கால் வீக்கம், தசை இழுப்பு ஆகியன இருந்தால் பட்டியலுக்காகக் காத்திராமல் உடனே வைத்தியரிடம் சொல்லுங்கள்.

ஆறு முதல் எட்டு மணி நேரம் வெறும் வயிறு. தொண்டையை மரக்கச் செய்யும் ஸ்பிரே. விரும்பினால் மயக்க ஊசி. ஊசி போட்டால் உடன் ஒருவர் வர வேண்டும். இரத்தம் உறையாதிருக்க மருந்து எடுப்பவர்கள் முன்னதாகவே அறிவிக்க வேண்டும். பயொப்ஸி எடுக்கும்போது வலி தெரியாது.

எண்டொஸ்கொப்பியில் முன்சிறுகுடல் வெறுங்கண்ணுக்குச் சாதாரணமாகத் தோன்றினாலும் நோய் இருக்கலாம், பாதிப்புத் திட்டுத்திட்டாகவும் இருக்கலாம். ஆகவே முன்சிறுகுடலின் தொடக்கக் குமிழிலிருந்து ஒன்று அல்லது இரண்டு துணுக்குகளும், அதற்கு அப்பால் குறைந்தது நான்கு துணுக்குகளும் எடுக்கப்பட வேண்டும். சீலியாக் நோய் சந்தேகிக்கப்படுகிறது என்று பரிந்துரைக் கடிதத்தில் தெளிவாக எழுதுமாறு கேளுங்கள். அந்த வரி இல்லாவிட்டால் இரைப்பையிலிருந்து மட்டும் துணுக்கு எடுத்துத் திருப்பி அனுப்பும் வாய்ப்பு உண்டு. எங்களுக்கு முதல் முறை அவ்வாறே நடந்தது.

பயொப்ஸி அறிக்கையில் மார்ஷ் என்ற பெயரோடு ஓர் எண் இருக்கும். ஒன்று என்றால் மேற்பரப்புக் கலங்களிடையே நிணநீர்க் கலங்கள் கூடியிருக்கின்றன. இரண்டு என்றால் சடைமுளைகளின் அடியிலுள்ள குழிகளும் நீண்டிருக்கின்றன. மூன்று என்றால் சடைமுளைகள் தேய்ந்திருக்கின்றன. மார்ஷ் ஒன்று மட்டும் இருந்தால் அதைக் கொண்டு சீலியாக் என்று முடிவு செய்யக் கூடாது. கிருமித் தொற்றும் வலி மாத்திரைகளும் அதே தோற்றத்தைத் தரும். மார்ஷ் மூன்றாக இருந்தாலும் பிறபொருளெதிரி இல்லையென்றால், ஸ்புரூ, ஜியார்டியா, ஒல்மெசார்டான் ஆகியவற்றை மறுபடியும் எண்ணிப் பார்க்க வேண்டும். இரத்தமும் இழையமும் ஒரே விடையைச் சொல்லும்போதுதான் நோய் உறுதியாகிறது.

முடிவு வந்த பிறகு

நெதர்லாந்தின் குழந்தை வைத்தியர் வில்லெம் டிக்கே, 1944-45 பஞ்சக் குளிர்காலத்தில் பாண் கிடைக்காதபோது தேறிய பிள்ளைகள், பாண் திரும்பி வந்ததும் மீண்டும் நோயுற்றதைக் கண்டு, தன் நீண்ட நாள் ஐயம் வலுப்பெற, 1950 இல் கோதுமையே காரணம் என்று தன் ஆய்வேட்டில் நிறுவினார். இன்றும் இறுதிச் சான்று அதுதான்: கோதுமையை விலக்கியதும் உடல் தேற வேண்டும், பிறபொருளெதிரி அளவு படிப்படியாகக் குறைய வேண்டும். குறையவில்லையென்றால் பெரும்பாலும் எங்கோ கோதுமை ஒளிந்திருக்கிறது. கடை இடியப்பத்திலும் அப்பத்திலும் கலக்கும் மா, சோயா சோஸ், மோல்ட் பானம், ரவை, சேமியா ஆகியவற்றோடு, சாம்பாரில் இடும் கூட்டுப் பெருங்காயத்தையும் சந்தேகியுங்கள். அதில் கோதுமை மா சேர்க்கப்படுவது வழக்கம்.

நோயாளியின் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோருக்கு இந்த நோய் இருக்கும் வாய்ப்பு ஏறக்குறைய பத்தில் ஒன்று என்பதால், அறிகுறி இல்லாவிட்டாலும் அவர்களும் பரிசோதிக்கப்பட வேண்டும். தங்கையின் பயொப்ஸி முடிவு கிடைத்த வாரமே அம்மாவும் நானும் இரத்தம் கொடுத்தோம். அன்றிலிருந்து அவளுக்குத் தனிப் பானை, தனி அரிதட்டு, தனி இடியப்ப உரல். எங்கள் இருவரின் முடிவுகளும் கைக்கு வரும் வரை, அம்மாவும் நானும் வேறொரு தட்டில் காலைப் பாணைத் தொடர்ந்து சாப்பிட்டோம்.